இது யாரு கை?

எங்கள் ஸ்டோர்க்கார அண்ணன் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு இருக்கும். பால் எத்தனை லிட்டர் வந்தது, கோழிக்கடைக்கு எவ்வளவு பாக்கி என்று எழுதுகிற நோட்டு. போன வருஷம் ஒரு நாள் தேங்காய்க் கணக்கு ஏதோ உதைக்கிறதே என்று அதை வாங்கிப் புரட்டினேன். கடைசி நாலைந்து பக்கத்தில் வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் கோடு போட்டு இடது பக்கம் 'வந்தது', வலது பக்கம் 'செஞ்சது'. ரிசப்ஷன் தம்பி 2, டிரைவர் 1, தோட்டக்காரர் 1, அதற்குப் பக்கத்தில் 'பாக்கி'. என்னண்ணே இது, யாருக்காவது கைமாத்து கொடுத்தீங்களா என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் கூச்சப்படாமல் சொன்னார்: "பாராட்டுச் சீட்டுதான் தம்பி. வாங்குனா திருப்பிச் செய்யணும்ல? மறந்துட்டா நாளைக்கு மூஞ்சியில முழிக்க முடியுமா?"

அப்போது சிரித்துவிட்டேன். ராத்திரி படுத்த பிறகுதான் சிரிப்பு போனது. அந்தப் பாராட்டுச் சீட்டைக் கொண்டுவந்தவனே நான்தான்.

காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீட்டை ஹோட்டலாக்கியிருக்கிறார்கள், அதில் நான் மேனேஜர். எந்த ஹோட்டல் என்று கேட்காதீர்கள், முதலாளி இதையெல்லாம் படிப்பவர். முகப்பு, நடு முற்றமான வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிற வீடு. வேலை பார்ப்பவர்கள் 34 பேர். அடுப்படியில் இருப்பவர் முகப்பில் இருப்பவரின் முகத்தைப் பார்க்காமலே ஒரு நாளை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். சண்டை என்றால் மட்டும் எப்படியோ எட்டிவிடும். "ரூம் பையன் தட்டை எடுத்து வைக்கல", "அடுப்படியில லேட் பண்றாங்க" என்று குறை மட்டும் வளவைத் தாண்டி வந்துபோய்க்கொண்டிருந்ததே தவிர, நல்ல வார்த்தை ஒன்றுகூட ஒரு கட்டிலிருந்து இன்னொரு கட்டுக்குப் போனதில்லை.

அந்தச் சமயத்தில்தான் கூகுள் கம்பெனியில் ஒருவர் இன்னொருவருக்கு, மேலதிகாரியிடம் அனுமதி கேட்காமலே, 175 டாலர் வெகுமதி கொடுக்கலாம் என்று படித்தேன். அங்கே பணியாளர் விவகாரங்களைப் பல வருஷம் பார்த்துக்கொண்ட லாஸ்லோ பாக் சொன்ன விஷயம். மேலே இருந்து வருகிற பாராட்டை விட, பக்கத்தில் நின்று வேலை பார்ப்பவன் தருகிற பாராட்டுக்குத்தான் எடை அதிகம் என்பது யோசனை. எனக்கு மிகவும் பிடித்துப்போனது. நம்மிடம் 175 டாலர் எங்கே இருக்கிறது, ஆகவே ஒரு சீட்டு. சனிக்கிழமைதோறும் ஆளுக்கு ஒன்று, கூட வேலை பார்க்கிற யாரையாவது பாராட்டி எழுதிப் பெட்டியில் போட வேண்டும். மாசக் கடைசியில் யாருக்கு அதிகச் சீட்டோ அவருக்கு ஆயிரம் ரூபாய், முகப்பில் போட்டோ.

முதல் மாசம் நிஜமாகவே நன்றாக இருந்தது. தோட்டக்காரர் தன் சீட்டை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார். இரண்டாம் மாசம் "நன்றாக வேலை செய்கிறார்" என்பது அதிகமானது. மூன்றாம் மாசம் அது மட்டுமே இருந்தது. நாலாம் மாசம், சுத்தமான ஒரே கையெழுத்தில் ஒன்பது சீட்டு. ரிசப்ஷன் தம்பி எல்லாருக்கும் சேர்த்து எழுதிக் கொடுத்திருக்கிறான்.

மொய் நோட்டு

ஸ்டோர் அண்ணன் செய்ததைத் தப்பு என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. இந்தப் பக்கத்தில் பிறந்தவனுக்கு மொய் என்றால் என்னவென்று தனியாகச் சொல்ல வேண்டுமா? காதுகுத்து, கல்யாணம், புதுமனை, எதுவானாலும் வாசலில் ஒரு மேஜை, ஒரு நோட்டு, இரண்டு பேர். கொஞ்சம் கிழக்கே, பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாசம் வந்தால் மொய் விருந்து என்றே தனியாகக் கறிசோறு போட்டு வசூலிப்பார்கள். வட்டியில்லாத கடன், அவசரத்துக்கு ஊரே சேர்ந்து தூக்கிவிடுகிற ஏற்பாடு. மொய்யைக் கிண்டல் செய்பவர்களுக்குப் பணமுடை வந்ததில்லை என்று அர்த்தம். எங்கள் வீட்டில் அப்பாவின் மொய் நோட்டுகள் இன்னமும் பரணில் இருக்கின்றன. என் அக்கா கல்யாணத்துக்கு ஆனதில் பாதி அந்த நோட்டிலிருந்து எழுந்து வந்த பணம்தான்.

ஆனால் மொய்க்கு ஒரு குணம் உண்டு. செய்கிறவன் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்க்க வேண்டிய அவசியமில்லை. மேஜையில் எழுதிவிட்டு, பந்தியில் உட்கார்ந்து எழுந்து, பஸ் பிடித்துவிடலாம். எங்கள் சீட்டும் அப்படித்தான் ஆகியிருந்தது. யாரும் யாருடைய வேலையையும் பார்க்கவில்லை. பெயரைப் பார்த்தார்கள், பாக்கியைப் பார்த்தார்கள், எழுதினார்கள். இதில் ஆயிரம் ரூபாய் வேறு. அமெரிக்காவில் ஒரு சலவை ஆலையில், மாசம் முழுக்க லேட்டில்லாமல் வந்தவர்களின் பெயரைக் குலுக்கிப் போட்டு 75 டாலர் பரிசு அட்டை கொடுத்தார்களாம். 2016-இல் வெளிவந்த ஆய்வு. ஏற்கெனவே ஒழுங்காக வந்துகொண்டிருந்தவர்கள் வேலையில் சுணங்கிப்போக, மொத்தத்தில் ஆலையின் உற்பத்தித் திறன் 1.4 சதவீதம் குறைந்ததுதான் மிச்சம். சலவைக்காரர்கள் கதை என்பதால் எங்கள் லாண்டரி அண்ணனுக்குச் சொன்னேன். "நம்மளைக் கேட்டிருந்தா சும்மாவே சொல்லியிருப்போமே" என்றார்.

பெட்டியிலிருந்த பழைய சீட்டுகளை எல்லாம் கொட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எண்ணினேன். ஐந்து மாசம். ஒரு சீட்டுகூட வராதவர்கள் மூன்று பேர். ராத்திரி மோட்டார் பார்க்கிற பெரியவர். காலையில் அஞ்சு மணிக்கு வந்து தரை துடைக்கிற இரண்டு அக்காமார். மூன்று பேருக்கும் எழுதத் தெரியாது, அதனால் அவர்கள் யாருக்கும் 'செய்யவில்லை', அதனால் அவர்களுக்கு எதுவும் 'வரவில்லை'. கணக்கு சரியாக இருந்தது, அதுதான் வயிற்றைப் பிசைந்தது.

ஆத்தங்குடியில்

அடுத்த வாரம், கல்யாண போட்டோ எடுக்க வந்தவர்களின் விளக்குக் கம்பம் வளவில் சாய்ந்து நாலு கல் உடைந்தது. நல்ல கல், பூப்போட்ட ஆத்தங்குடிக் கல், எங்கள் பக்கத்து ஆத்தங்குடி ஊரில் கையால் ஊற்றுகிற தரை ஓடு. புதுசு வாங்கப் புறப்பட்டபோது தரை துடைக்கிற பெரிய அக்கா, உடைந்த துண்டு ஒன்றைத் துணியில் சுத்திக்கொண்டு வேன் பக்கத்தில் நின்றது. விருந்தாளிகள் முன்னால் என்னைச் சார் என்று கூப்பிடும், இல்லாத நேரத்தில் தம்பி.

"நானும் வாரேன் தம்பி. நீங்க போனா செகப்பு ஒண்ணு வாங்கிட்டு வருவீக. நம்ம செகப்பு அது இல்ல."

சிவப்பில் என்ன சிவப்பு என்று நினைத்தேன். சரி, வாங்க என்றேன்.

ஆத்தங்குடியில் கல் போடுவதைப் பார்த்திருப்பீர்கள், பார்க்காதவர்கள் ஒரு தடவை போய்ப் பாருங்கள். தரையில் ஒரு கண்ணாடித் துண்டு, அதன்மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ மாதிரி வளைத்த தகட்டு அச்சு. அச்சின் ஒவ்வொரு அறைக்குள்ளும் ஒவ்வொரு கலர்ச் சாந்தைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அப்புறம் அச்சை நேராக மேலே தூக்க வேண்டும். மூச்சை அடக்கிக்கொள்கிற இடம் அதுதான், கை ஒரு நூல் ஆடினால் பச்சை ஓடிப்போய் மஞ்சளில் விழுந்துவிடும். அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, ஈரச் சாந்தை வைத்து அழுத்தி மட்டம் பார்க்கிறார்கள். சூளை கிடையாது. காய்ந்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறி, வெயிலில் கிடந்து, கடைசியில் கண்ணாடியைப் பிரிக்கும்போதுதான் பூ முகம் காட்டும். ஊற்றியவன் பெயர் அதில் எங்கேயும் இருக்காது. ஒரு வீட்டுக்கு ஆயிரக்கணக்கில் போகும், எந்தக் கல்லை எவன் ஊற்றினான் என்று வீட்டுக்காரருக்குத் தெரியப்போவதில்லை.

அக்கா அடுக்கிலிருந்து ஒவ்வொரு கல்லாக எடுத்து வெயிலுக்குச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது. ஏழெட்டு கல்லைத் தள்ளி வைத்தது. ஒன்றை எடுத்து ஓரத்தில் விரலை ஓட்டிவிட்டுத் தலையைத் தூக்கிக் கேட்டது:

"இது யாரு ஊத்துனது?"

பட்டறையில் நாலு பேர் இருந்தார்கள். எல்லாரும் ஒரு கணம் கையை நிறுத்தினார்கள். குறை சொல்லத்தான் கேட்கிறார்கள் என்று அவர்களுக்கும் தோன்றியிருக்க வேண்டும். மூலையில் பதினெட்டு பத்தொன்பது வயசுப் பையன் ஒருவன் பாதி எழுந்தான். "நான்தான்க்கா. என்ன?"

"ஓரம் சிந்தாம ஊத்தியிருக்க. இதுமாதிரி நாலு கல்லு குடு."

அவ்வளவுதான் சொன்னது. அந்தப் பையன் முகத்தை நான் விவரிக்கப் போவதில்லை, எனக்குச் சரியாக வராது. கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான் என்று மட்டும் சொல்கிறேன்.

கதை அத்தோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன். கலர் பார்ப்பதற்காக அக்கா கொண்டுபோயிருந்த உடைந்த துண்டைப் பட்டறையின் பெரியவர் வாங்கினார். சிவப்பைப் பார்க்கவில்லை அவர். மேல்பக்கத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார், மூக்குக்குப் பக்கத்தில் வைத்து மோந்து பார்த்தார், மறுபடி தேய்த்தார்.

"இதை யாரு தொடைக்கிறது?"

"நான்தேன்."

"ஆசிட் படல."

"பதினோரு வருசமா ஒரு சொட்டு விட்டதில்ல. தேங்கெண்ணெத் துணிதேன்."

பெரியவர் அதற்கு மேல் எதுவும் பேசவில்லை. அந்தத் துண்டைக் கொண்டுபோய்ப் பையனிடம் கொடுத்து, "இங்க பாரு, நாம போட்டுக் குடுத்தா பாதிதான்" என்றார்.

திரும்பி வரும்போது வேனில் அக்கா ரொம்ப நேரம் பேசவில்லை. கண்மாய்க்கரை தாண்டிய பிறகு, என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னது: "வர்ற ஆளெல்லாம் தரை நல்லாருக்கு, தரை நல்லாருக்குங்கிறாக. யாரு தொடைக்கிறதுன்னு இன்னைக்குத்தேன் ஒரு ஆளு கேட்டாரு."

அந்த வளவில் நானும் ஆறு வருஷமாக நடந்துகொண்டிருக்கிறேன்.

வாயில் வராத சொல்

நமக்குப் பாராட்டு என்ற சொல்லே மேடையில் வைத்திருக்கிற சொல். பொன்னாடை, மைக், நினைவுப் பரிசு, அந்த வாசனை எல்லாம் அதில் இருக்கிறது. வீட்டிலோ வேலையிலோ யாரும் யாரையும் "பாராட்டுகிறேன்" என்று சொல்வதில்லை, சொன்னால் கேலி செய்கிறார்கள் என்று தோன்றும். புகழ்ந்தால் கண் பட்டுவிடும், பிள்ளை கெட்டுப்போவான், வேலைக்காரனுக்குத் தலைக்கனம் ஏறும் என்று ஆயிரம் காரணம் வைத்திருக்கிறோம். எங்கள் அடுப்படியில் வெள்ளைப் பணியாரம் ஊற்றுகிற ஆச்சி இருக்கிறார். எண்ணெயில் ஊற்றியது சிவக்காமல், வெள்ளையாகவே உப்பி வர வேண்டும். மாவு கொஞ்சம் இளகினாலும் ஒழுங்காக வராது. ஆச்சியிடம் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் "ம்" என்பார். "இன்னும் ரெண்டு போடுங்க ஆச்சி" என்றால்தான் முகம் மலரும். நம் ஊரில் இப்படிச் சுற்றி வளைத்துச் சொல்கிற வழிகள் ஏகப்பட்டவை உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் பணியாரத்துக்குத் தட்டு இருக்கிறது, மறுபடி கேட்க ஆள் இருக்கிறது. துடைத்த தரைக்கு? ராத்திரி மூன்று மணிக்கு நிரப்பிய தண்ணீர்த் தொட்டிக்கு? ஒழுங்காக நடந்தால் கண்ணிலேயே படாத வேலைகள் அவை, நின்றுபோனால்தான் பெயர் வெளியே வரும்.

வெட்கம்தான் தடை என்பதும் பாதி உண்மை. அமித் குமார், நிக்கலஸ் எப்லி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2018-இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். தங்களுக்கு உதவியவர்களுக்கு நன்றிக் கடிதம் எழுதச் சொல்லி, வாங்கியவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எழுதியவரைக் கணிக்கச் சொன்னார்கள். பெறுபவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று எழுதியவர்கள் அளவுக்கு மேல் பயந்திருக்கிறார்கள், அவருக்கு எவ்வளவு ஆச்சரியமும் சந்தோஷமும் வரும் என்பதைக் குறைத்து எடைபோட்டிருக்கிறார்கள். இதைப் படித்தபோது சென்னையில் என்னோடு ஓர் அலுவலகத்தில் பக்கத்து நாற்காலியில் இருந்தவரை நினைத்துக்கொண்டேன். நான் ஷிப்ட் பட்டியல் போட்டபோது, கைக்குழந்தை வைத்திருந்த இரண்டு பேருக்கு ராத்திரி விழாமல் சத்தமில்லாமல் மாற்றிவிட்டிருந்தேன். டீ குடிக்கும்போது "அந்த ரெண்டு பேரை மாத்தி விட்டது நீதானே" என்றார். மாசத்துக்கு ஒரு தடவை எல்லாருக்கும் சேர்த்து வருகிற வாழ்த்து மெயில்கள் ஒன்றுகூட ஞாபகமில்லை, அந்த டீக்கடை ஞாபகமிருக்கிறது. அவரும் கேள்வியாகத்தான் கேட்டிருக்கிறார், இப்போதுதான் கவனிக்கிறேன்.

அதற்கப்புறம்

முதலில் ஆயிரம் ரூபாயையும் போட்டோவையும் நிறுத்தினேன். ஆளுக்கு ஒரு சீட்டு என்ற கட்டாயமும் போனது. அதற்குப் பதில் சனிக்கிழமை நாலு மணி டீக்கு முன்னால் அரை மணி நேரம், ஒரு கட்டைச் சேர்ந்தவர் இன்னொரு கட்டுக்குப் போய்ச் சும்மா பார்த்துவிட்டு வர வேண்டும். ரிசப்ஷன் ஆளில்லாமல் கிடக்கக் கூடாது என்று அங்கே மட்டும் ஒருவர் இருப்பார். டீ குடிக்கும்போது, கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்லி "இது யாரு கை?" என்று கேட்க வேண்டும். எழுதத் தெரிய வேண்டாம். யாருடையது என்று தெரிந்தும் கேட்கலாம், தெரியாமலும் கேட்கலாம். ஒன்றும் தோன்றவில்லையென்றால் டீயைக் குடித்துவிட்டுப் போகலாம்.

உடனே எல்லாம் பூத்துக் குலுங்கவில்லை. முதல் இரண்டு வாரம் பரீட்சை அறை மாதிரி இருந்தது. மூன்றாவது வாரம் ஆச்சிதான் கேட்டார்: மூணு நாள் கல்யாணக் கூட்டத்துல ஒரு தடவைகூட அடுப்படிக் குழாய் காத்து வாங்கலயே, யாரு பார்த்துக்கிட்டது? மோட்டார் பெரியவர் அந்த நேரத்தில் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். ராத்திரி அவர் வந்ததும் வாட்ச்மேன் போய்ச் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலை நான் வருகிறவரைக்கும் பெரியவர் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார். ஆச்சி என்ன சொன்னார், அப்படியே சொல்லுங்கள் என்றார். இரண்டு தடவை சொல்லச் சொன்னார்.

வம்பும் வந்தது. ரூம் பையன் ஒருவன், கசங்கி வந்த தலையணை உறைகளை மறுபடி தேய்த்துப் போட்டதை ரிசப்ஷன் தம்பி பார்த்து "இது யாரு கை?" என்றான். லாண்டரி அண்ணன் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அப்படியென்றால் நான் கசக்கி அனுப்பினேன் என்கிறாயா என்று ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருவன் கையைப் புகழ்ந்தால் அது இன்னொருவன் முதுகில் போய் விழலாம் என்று நான் யோசித்திருக்கவேயில்லை. இதற்கு இன்னும் என்னிடம் வழி இல்லை. அந்த வாரம் மட்டும் நானே இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். மின்சாரம் எத்தனை தடவை போய்ப் போய் வருகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. மறுசனிக்கிழமை அதைத்தான் சொன்னேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், சொல்லாவிட்டால் ஏமாற்று. எல்லாம் நன்றாகப் போகிறது என்று நான் பூரித்திருந்த ஒரு நாள் பெரிய அக்கா துணியைப் பிழிந்துகொண்டே சொன்னது: "எல்லாம் நல்லாத்தேன் இருக்கு தம்பி, சம்பளத்தையும் ஒரு எட்டு யாரு கைன்னு கேளுங்க." முதலாளியிடம் பேசினேன். இரண்டு அக்காமாருக்கும் பெரியவருக்கும் மாசம் எண்ணூறு ஏறியது. போதாது என்று முதலாளிக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அக்கா வாய்விட்டே சொன்னது. ஆனால் அவர்கள் செய்வது இன்னது என்று முதலாளியிடம் வரிசையாக எடுத்துச் சொல்ல அன்றைக்கு என்னிடம் விஷயம் இருந்தது. முன்னால் போயிருந்தால் "நல்லா வேலை செய்றாங்க சார்" என்று சொல்லியிருப்பேன்.

ஸ்டோர் அண்ணன் நோட்டில் அந்தப் பக்கங்கள் அப்படியே இருக்கின்றன. தோட்டக்காரர் பாக்கியைக் கேட்டேன். "அது அப்படியே கெடக்கட்டும், பழகுன ஆளு" என்றார்.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆத்தங்குடிப் பட்டறைப் பையன் அவன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். முகப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா என்று தயங்கி நின்றான். போட்ட கல்லை வீட்டில் பதித்து அவன் பார்த்ததேயில்லையாம். வளவில் பெரிய அக்கா இருந்தது. இவன் தூணுக்குத் தூண் குனிந்து குனிந்து தேடினான். உட்கார்ந்து பார்த்தான், வெளிச்சத்துக்கு எதிரே சாய்ந்து பார்த்தான், அவன் அம்மாவும் சேர்ந்து தேடியது. புதுக்கல் தனியாகத் தெரியும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆறு மாசம் எண்ணெய்த் துணி விழுந்த தரை அது.

"எங்கக்கா இருக்கு? எனக்கே தெரியலயே" என்றான்.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. சொல்லவில்லை. "தேடு, தேடு" என்று சொல்லிவிட்டு, அவன் அம்மாவுக்குக் காபி சொல்ல அடுப்படிப் பக்கம் போனது.